காரில் ஆம்ப், சப்வூஃபர் மாட்டியிருப்பவர்கள் பேட்டரி ஒயரை ஒருமுறை பாருங்கள்

போன மாதம் ஒரு இரவு தாம்பரம் தாண்டி வந்துகொண்டிருந்தோம். மகள் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கால்மாட்டிலிருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓரமாக நிறுத்தி மகளைத் தூக்கி மனைவியிடம் கொடுத்துவிட்டு, பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றினேன். டூல் கிட்டில் 10-ம் நம்பர் ஸ்பேனர் இருந்ததால் தப்பித்தோம்.

அதற்கு ஆறு வாரம் முன்புதான் ஒரு ஆக்சஸரீஸ் கடையில் ஆம்பும் (சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபையர்) 12 இன்ச் சப்வூஃபரும் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) மாட்டினேன். காருடன் வந்த கம்பெனி மியூசிக் செட்டை மாற்றாமலே செய்து தருகிறோம் என்றார்கள். மொத்தம் 18,500 ரூபாய், இரண்டு மணி நேர வேலை. பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் தொகையை எழுதித் தந்தார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதலில் வந்த தொல்லை பேட்டரி. வெள்ளி மாலை நிறுத்திய கார் ஞாயிறு காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. கடையில் கேட்டால் "பேட்டரி பழசு சார்" என்றார்கள். வாங்கி ஒன்றரை வருடம்கூட ஆகாத பேட்டரி அது. அப்புறம் கம்பெனி செட்டில் பின் ஸ்பீக்கர் இரண்டும் ஊமையாகிவிட்டன.

கருகிய மறுநாள் எங்கள் பகுதி ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் காரை விட்டேன். அவர் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து டிக்கி வரை போகும் தடித்த சிவப்பு ஒயரில் ஃப்யூஸே இல்லை. ஆம்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறதே என்று கடைக்காரர் பிறகு வாதம் செய்தார். அது ஆம்பைக் காப்பாற்றும், அவ்வளவுதான். வழியில் எங்காவது ஒயர் பாடியில் உரசினால் பேட்டரியின் மொத்தக் கரண்டும் அந்த இடத்தில் பாயும், அதைத் தடுக்க நடுவில் எதுவும் இல்லை. என் காரில் நடந்தது அதுதான். ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலுள்ள தகட்டில் துளை போட்டு, விளிம்பு உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) இல்லாமல் ஒயரை நுழைத்திருக்கிறார்கள். தகட்டின் விளிம்பு உறையை அறுத்துவிட்டது.

அந்த ஒயரை அண்ணன் பிளேடால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. "சார், இது செம்பே இல்ல, அலுமினியம். மேல முலாம் மட்டும்தான்" என்றார். செம்பு கரண்டைக் கடத்துவதில் அலுமினியம் சுமார் 60 சதவீதம்தான் கடத்தும், அதனால் அதே தடிமனில் அதிகம் சூடாகும். உறைதான் தடிமன், உள்ளே இழைகள் கொஞ்சம்தான்.

ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயரை எப்போதும் 12 வோல்ட் இருக்கும் இடத்தில் சேர்த்திருந்தார்கள். சாவியை எடுத்தாலும் ஆம்ப் தூங்காது. பாட்டே ஓடாமல் ஒரு ஆம்பியர் இழுத்தாலும் 35 ஏஎச் (ஒரு ஆம்பியர் வீதம் 35 மணி நேரம் தரக்கூடிய) பேட்டரி ஒன்றரை நாளில் காலி. கூடவே, சிக்னல் எடுப்பதற்காகக் கம்பெனி ஒயரை வெட்டி, ஸ்பீக்கர் நெகட்டிவை பாடி எர்த்தில் கொடுத்திருந்தார்கள். இன்றைய கம்பெனி செட்டுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளுமே ஆம்ப்ளிஃபையரால் இயக்கப்படுபவை, எதையும் எர்த்தில் சேர்க்கக் கூடாது. அதில்தான் பின் ஸ்பீக்கர் அவுட்புட் போயிருக்கிறது. ஒயரிங் வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்த சர்வீஸ் சென்டர், செட்டுக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிவிட்டது. வெட்டாமலே செருகும் கப்ளர் ஹார்னஸ் என் மாடலுக்குக் கிடைக்கிறது என்பதை அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பெட்டியில் 3000 வாட்ஸ் என்று போட்டிருந்த ஆம்பில் இருப்பது ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃப்யூஸ். 14 வோல்ட்டால் பெருக்கினால் உள்ளே போவதே 420 வாட்ஸ். வெளியே 3000 எப்படி வரும்?

கடைக்குத் திரும்பப் போனேன். ஒயருக்கு மட்டும் 1,500 தருகிறோம் என்றார்கள். பில் இல்லாததால் அதற்கு மேல் என்னால் அழுத்திக் கேட்க முடியவில்லை.

உங்கள் காரிலும் வெளிக்கடையில் ஆம்ப் மாட்டியிருந்தால் இன்றைக்கே பானெட்டைத் திறங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு முழத்துக்குள் அந்த ஒயரில் ஃப்யூஸ் ஹோல்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஒயரை பேட்டரியிலிருந்து கழற்றி, முனையில் டேப் சுற்றிவிட்டு, அதற்கப்புறம் வண்டியை எடுங்கள்.