கர்வ் இவியா, பிஇ 6ஆ? இரண்டையும் ஓட்டிப் பார்த்தவனின் அலசல்

மஹிந்திராவின் மின்சார கார் பிஇ 6 வாங்கி எட்டு மாதம் ஆகிறது. 79 யூனிட் பேட்டரி உள்ள வண்டி. ஷோரூமில் கிலோவாட் மணி என்பார்கள். கரண்ட் பில்லில் நாம் பார்க்கும் அதே யூனிட்தான். எனக்கு முன்பே பெரியப்பா மகன் டாடாவின் 55 யூனிட் மின்சார கார் கர்வ் இவி எடுத்துவிட்டார். உறையூரில் இரண்டு வீடும் அடுத்தடுத்த தெருவில் இருப்பதால் வண்டியை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தாயிற்று. எனக்குப் பிடித்தது பிஇ 6. அதற்கான காரணம் தோற்றமோ வேகமோ இல்லை.

தோற்றத்தை நீங்களே பார்த்து முடிவு செய்துகொள்வீர்கள். வேகமும் அப்படித்தான். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட பிஇ 6க்கு 6.7 விநாடி, கர்வுக்கு 8.6 விநாடி என்று நிறுவனங்கள் சொல்கின்றன. பிஇ 6 பின்சக்கரம் தள்ளும் வண்டி, கர்வ் முன்சக்கரம் இழுக்கும் வண்டி. மழையில் கர்வின் ஆக்ஸிலரேட்டரை அவசரமாக மிதித்தால் முன்சக்கரம் ஒரு கணம் வழுக்கிச் சுற்றுவது தெரியும். பாதுகாப்பில் இரண்டுமே பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம். விலையில்தான் பெரிய இடைவெளி. அறிமுகமானபோது கர்வ் இவியின் உச்ச மாடல் 21.99 லட்சம், 79 யூனிட் பிஇ 6இன் உச்ச மாடல் 26.90 லட்சம், இரண்டும் எக்ஸ் ஷோரூம். பிஇ 6க்கு வீட்டு சார்ஜர் தனிக்காசு, 7.2 கிலோவாட் (மணிக்கு 7.2 யூனிட் ஏற்றும்) சார்ஜருக்கு 50,000 ரூபாய் என்று அறிவித்திருந்தார்கள்.

இவ்வளவு கூடக் கொடுத்து ஏன் வாங்கினேன் என்றால், சென்னைக்காக. மாதம் இரண்டு முறையாவது போய்வர வேண்டியிருக்கிறது. திருச்சியிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர்.

விற்பனையாளர் உங்களிடம் அழுத்திச் சொல்லப்போவது சார்ஜ் ஏறும் வேகத்தைத்தான். 79 யூனிட் பிஇ 6 175 கிலோவாட் வரை வாங்கும், 20 சதவீதத்திலிருந்து 80க்கு 20 நிமிடம். கர்வ் 70 கிலோவாட், 10லிருந்து 80க்கு 40 நிமிடம். கேட்டால் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வண்டி எவ்வளவு வாங்கும் என்பது பாதிக் கதை. நிலையத்து இயந்திரம் எவ்வளவு கொடுக்கும் என்பதுதான் மீதி. பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விக்கிரவாண்டி, திண்டிவனம் என்று அந்தப் பாதையில் நான் நிறுத்திப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் 60 கிலோவாட் இயந்திரம்தான். அதிலும் வண்டியில் மாட்டும் கன் இரண்டு இருக்கும். பக்கத்தில் இன்னொருவர் மாட்டிவிட்டால் ஆளுக்கு 30. அப்போது என் வண்டியின் 175 வெறும் காகிதத்து எண்.

இன்னும் ஒன்று. அதே 60 கிலோவாட் இயந்திரத்தில் இரண்டு வண்டியையும் அரை மணி நேரம் நிறுத்தினால் இரண்டுக்கும் ஏறக்குறைய 30 யூனிட் ஏறும். என் பிஇ 6 நெடுஞ்சாலையில் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஓடுகிறது. அண்ணனின் கர்வ் எடை குறைந்த வண்டி, ஆறேகால் தாண்டுகிறது. அதாவது வழியில் நிறுத்தி ஏற்றும்போது, நிமிடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டால் கர்வ்தான் முன்னால் நிற்கிறது! இதை யாரும் ஷோரூமில் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் பிஇ 6க்கு என்ன மிச்சம்? நிறுத்தவே வேண்டாம் என்பதுதான். ஏசி போட்டு மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் முழு சார்ஜுக்கு எனக்கு 450 முதல் 470 கிலோமீட்டர் வருகிறது. சான்றிதழில் 680ஐத் தாண்டிய எண் இருக்கும், அதை மறந்துவிடுங்கள். காலையில் நூறு சதவீதத்தோடு கிளம்பினால் தாம்பரத்தில் இறங்கும்போது கால்வாசிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. கர்வுக்கு அதே வேகத்தில் 350 வரும். 330 கிலோமீட்டர் பாதைக்கு அதை நம்பி யாரும் நிறுத்தாமல் போகமாட்டார்கள். அண்ணன் ஒவ்வொரு முறையும் விக்கிரவாண்டியில் நிறுத்துகிறார்.

சாதாரண நாளில் அது சாப்பாட்டு நேரத்தோடு கழிந்துவிடும். பொங்கல் சமயத்தில் அவரோடு கர்வில் போனேன். முதல் நிலையத்தில் ஒரு கன் வேலை செய்யவில்லை, இன்னொன்றில் எங்களுக்கு முன்னால் மூன்று வண்டி. அடுத்த நிலையத்தில் இயந்திரம் நன்றாக இருந்தும் செயலி பணத்தை எடுத்துக்கொண்டு சார்ஜைத் தொடங்கவில்லை. கைக்குழந்தையோடு இரண்டு மணி நேரம் போனது. வண்டி மீது குறையே சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குத்தான் 79 யூனிட் என்று முடிவு செய்தேன்.

அதனால்தான், பிஇ 6 வாங்குவதென்றால் 59 யூனிட் பேட்டரியை யோசித்து எடுங்கள் என்கிறேன். நெடுஞ்சாலையில் அது கர்வின் 55க்குப் பக்கத்திலேயேதான் நிற்கும். ஊருக்குள் மட்டும் ஓட்ட அது தாராளம். வெளியூர் ஓட்டத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதென்றால் 79க்கே கொடுங்கள்.

போய்ச் சேர்ந்த இடத்தையும் கணக்கில் வையுங்கள். தாம்பரத்தில் தங்கும் வீட்டில் 15 ஆம்பியர் பிளக்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்கப் போட்டாலும் 27 யூனிட்டுக்கு மேல் ஏறாது. ஆகத் திரும்பும்போது நானும் ஒரு டீ குடிக்கும் நேரம் நிறுத்தத்தான் வேண்டும். சொந்த வீட்டில் 7.2 கிலோவாட் சார்ஜர் போடுவதற்கு முன்னால் மின்வாரியத்தில் உங்கள் அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று பாருங்கள். 11.2 கிலோவாட் என்றால் மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டினால் ஸ்லாப் மாறிவிடும். கார் வந்தபின் தாண்டாமல் இருக்க முடியாது.

சரி, பின்பக்கம் சரிந்திறங்கும் கூபே கூரைக்கு வருவோம். இரண்டிலும் பின்சீட்டுதான் விலை கொடுக்கிறது. பிஇ 6இல் ஜன்னல் குறுகல், அடியில் பேட்டரி இருப்பதால் தரை உயர்ந்து முழங்கால் தூக்கிக்கொள்ளும். பின்கதவின் கைப்பிடி கண்ணாடிக்குப் பின்னால் தூணில் ஒளிந்திருக்கிறது. அம்மா இன்னமும் ஒவ்வொரு முறையும் தேடுகிறார். கர்வில் ஏறி இறங்குவது அவருக்கு எளிதாக இருக்கிறது, வெளிச்சமும் உண்டு. ஆனால் முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் (வீல்பேஸ்) 2,560 மில்லிமீட்டர்தான் என்பதால் கால்நீட்ட இடம் குறைவு. பிஇ 6க்கு 2,775. வாங்கும் முன் பெரியவர்களைப் பின்னால் உட்காரவைத்து ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். ஷோரூமைச் சுற்றிவரும் பத்து நிமிட ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. பெற்றோர் தினமும் பின்னால் உட்காருவார்கள் என்றால் அதே பேட்டரிகளோடு வரும் மஹிந்திராவின் இன்னொரு கார் எக்ஸ்இவி 9இயைப் பாருங்கள். டிக்கி மட்டும் 663 லிட்டர். நீளம் 4,789 மில்லிமீட்டர், எங்கள் வீட்டு கேட்டுக்குள் நுழையாது. அதனால் அதை நீண்ட நாள் ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை.

பிஇ 6இல் என்னை உண்மையிலேயே சுட்டது டயர். 245/55 ஆர்19 அளவு. ஸ்டெப்னி கிடையாது, காற்றடிக்கும் கருவியும் அடைக்கும் திரவமும்தான். தொழுதூர் பக்கம் இரவில் ஒரு பள்ளத்தில் இறங்கி டயரின் பக்கச்சுவர் கிழிந்தது. அதற்குத் திரவம் உதவாது. மேடை லாரியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுவந்து, டயர் சென்னையிலிருந்து வரும்வரை இரண்டு நாள் காத்திருந்தேன். கர்வின் 18 அங்குல டயர் அகலம் குறைந்தது, கிடைப்பதும் எளிது. பிஇ 6 வாங்குபவர்கள் இந்த அளவு உங்கள் ஊர்க் கடையில் இருக்கிறதா, என்ன விலை என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மறுவிற்பனை பற்றி அழுத்திச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. இரண்டுமே 2024இல் வந்த வண்டிகள். பேட்டரி உத்தரவாதத்தை மட்டும் வரி வரியாகப் படியுங்கள். பிஇ 6இல் வாழ்நாள் உத்தரவாதம் முதல் உரிமையாளருக்குத்தான். கைமாறினால் 10 ஆண்டு அல்லது 2 லட்சம் கிலோமீட்டர். கர்விலும் வாழ்நாள் உத்தரவாதம் முதல் கைக்குத்தான், இரண்டாவது கைக்கு என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணன் போன வாரம், கர்வைக் கொடுத்துவிட்டு பிஇ 6 எடுக்கட்டுமா என்று கேட்டார். அவர் ஓட்டம் அலுவலகமும், வாரம் ஒருமுறை தஞ்சாவூரும்தான். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டால் முடிந்தது. சென்னைக்கு வருடத்தில் நாலைந்து முறை போனால் அதிகம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பண்டிகைக்குச் சென்னை போகும்போது என் சாவியை வாங்கிக்கொள்ளட்டும்.