ஊர்ப் பயணமும் புராஸ்டேட் கல்லும்

ஆறு வார விடுப்பில் ஊருக்குப் போனவன், மூன்று மாதம் கழித்துத்தான் திரும்பினேன். காரணம் புராஸ்டேட் கல், அதாவது ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியில் உண்டாகும் கல். என் வயது 58. இரண்டு ஆண்டாக நீர்க்கடுப்பு வரும், மாத்திரையில் அடங்கும், மறுபடி வரும். ஊரில் இறங்கிய மூன்றாம் நாள் காய்ச்சலோடு வந்துவிட்டது.

முதலில் போன இடத்தில் வயிற்றின் மேல் ஸ்கேன் பார்த்து, "கல் இருக்கிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள், வந்துவிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்வது. புராஸ்டேட் கல் சுரப்பியின் சதைக்குள் புதைந்திருப்பது, தண்ணீருக்கு அசையாது. இந்த அலட்சியத்தில் ஒரு வாரம் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அடுத்துப் பார்த்த யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டர் அவசரப்படவில்லை. சிறுநீர் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை) எடுத்து, கிருமிக்கேற்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். தொற்று இருக்கும்போது பிஎஸ்ஏ (புராஸ்டேட்டுக்கான இரத்தச் சோதனை) அளவு ஏறிக் காட்டும் என்று அந்தச் சோதனையை ஆறு வாரம் தள்ளிவைத்தார். விரலால் பரிசோதித்தார், ஆசனவாய் வழியாக ஸ்கேன் எடுத்தார், சிறுநீர் போகும் வேகத்தையும் போனபின் பையில் மிஞ்சுவதையும் அளந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலருக்கு இந்தக் கற்கள் இருக்குமாம். தொந்தரவு இல்லாவிட்டால் தொடவே வேண்டாமாம். எனக்கோ கல்லின் இடுக்கில் கிருமி தங்கி, மருந்துக்குப் பிடிபடாமல் திரும்பத் திரும்பத் தொற்று. வீங்கிய சுரப்பி பாதையையும் அடைத்திருந்தது. சரி, ஆபரேஷன் என்று முடிவானது.

முதுகில் ஊசி போட்டு, சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவி விட்டுச் சதையைச் சுரண்டி எடுத்தார்கள். கற்களும் அதோடு வந்தன. வெளியே கீறல் இல்லை. மூன்று நாள் டியூப், சலைன் விட்டுக் கழுவல். எடுத்த சதை பயாப்சிக்குப் போனது, புற்று இல்லை. இனி விந்து வெளியே வராமல் சிறுநீர்ப் பைக்குள் திரும்பிவிடக்கூடும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே, மனைவியையும் உட்காரவைத்து டாக்டர் சொன்னார். அதற்காகவே அவரை மதிக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் சிறுநீரில் மறுபடி இரத்தம். உள்ளே பொருக்கு உதிரும்போது இப்படி வரும், கட்டியாக வந்து அடைத்தால் மட்டும் உடனே வாருங்கள் என்று சொல்லியிருந்ததால் பதறவில்லை. இரண்டு நாளில் தெளிந்தது. ஆபரேஷன் முடிந்தவுடன் விமானம் ஏறிவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்த வாரங்களையும் விடுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், டிஸ்சார்ஜ் சுருக்கம், பயாப்சி, கல்ச்சர் மூன்றையும் கையோடு கொண்டுவந்தேன். இங்குள்ள டாக்டர் முதலில் கேட்டது கல்ச்சர் முடிவைத்தான்.