ஸெப்பலின் 4ஆ, டார்க் சைடா, விஷ் யூ வேர் ஹியரா? எல்பில கேட்டா கதையே வேற

இந்த மூணு ராக் ஆல்பத்துல எது பெஸ்ட்னு எங்க செட்டுல சண்டை ஓயவே ஓயாது: ஒண்ணு லெட் ஸெப்பலினோடது, மத்த ரெண்டும் பிங்க் ஃப்ளாய்டோடது. ஃபோன்ல கேட்ட காலம் பூரா லெட் ஸெப்பலினோட நாலாவது ஆல்பத்துக்குத்தான் என் ஓட்டு, எல்பி (பெரிய இசைத்தட்டு) வாங்கினப்புறம்தான் கட்சி மாறினேன்.

தட்டு கடைசி வரைக்கும் நிமிஷத்துக்கு 33⅓ சுத்துதான் சுத்தும், ஆனா ஊசி உள்ள போகப் போக வட்டம் சின்னதாகுதுல்ல, அப்ப அதே ஒரு செகண்ட் பாட்டு கம்மி நீளத்துக்குள்ள நெருக்கியடிச்சு உக்காரணும், கீச்சுக்குரல், சிம்பல் எல்லாம் அங்கதான் கரகரக்கும். 1971ல வந்த ஸெப்பலின்ல ஸ்டேர்வே டு ஹெவன் எங்க இருக்கு? முதல் சைடு கடைசில! எட்டு நிமிஷம் மெல்ல மெல்ல ஏறி, பாடகர் ப்ளான்ட் உச்சத்துல கத்தற இடம் லேபிளை ஒட்டி வருது, என் சாதா ஊசிக்கு அங்க பல்லு கூசுது. ரெண்டாவது சைடு கடைசில வென் த லெவி ப்ரேக்ஸ். ஹெட்லி க்ரேஞ்ச் வீட்டுல கீழ ட்ரம்ஸ், மாடிப்படிலருந்து தொங்கற மைக்னு எடுத்த ட்ரம்மர் பான்ஹமோட அடி. அது கனமான சத்தம், தாங்கிடுது.

டார்க் சைடு (1973) ஆரம்பமே இதயத் துடிப்பு, தட்டுல ஒரு கீறல் இருந்தாலும் மானம் போயிடும். ஆனா பாடகி கிளேர் டோரி வார்த்தையே இல்லாம கதறி அடங்கினதும் சைடு முடியும், எந்திரிச்சுப் போய்த் திருப்பிப் போட்டா காசு சத்தத்தோட 'மணி' (Money) பாட்டு. அந்த இடைவெளி ஃபோன்ல வராது.

இருந்தாலும் என் ஓட்டு விஷ் யூ வேர் ஹியருக்குத்தான் (1975). பேண்டோட பழைய ஆளு சிட் பாரெட்டை நெனச்சு எழுதின ஷைன் ஆன் பாட்டை ரெண்டாப் பிச்சு, முதல் சைடு ஆரம்பத்துல பாதி, ரெண்டாவது சைடு கடைசில மீதி. உள்வட்டத்துக்கு வர்றப்ப கத்தல் எதுவும் இல்ல, கீபோர்டு மட்டும் தேஞ்சு தேஞ்சு அடங்குது, ஊசிக்கும் நிம்மதி. தலைப்புப் பாட்டு வேற கார் ரேடியோ இரைச்சல்லதான் தொடங்கும், தூசி சத்தம் எது பாட்டு எதுன்னே தெரியாது. பழைய தட்டு வாங்கறவங்களுக்கு இதை விட என்ன வேணும்?

"ஊசிய மாத்துடா முதல்ல"ங்கறான் ஸெப்பலின் கட்சிக்காரன். அவன் ஊசி விலைக்கு நான் நாலு தட்டு வாங்குவேன்.