காப் குதிரையா, பந்தயக் குதிரையா, மார்வாரியா, மட்டமா: குமுளி மழைக்கும் கம்பம் வெயிலுக்கும் ஓர் ஒப்பீடு

அயர்லாந்தில் எட்டாண்டுகள் இருந்துவிட்டுக் குமுளிக்குத் திரும்பிய என் தங்கை மகன், ஏலத்தோட்டத்து ஓரத்தில் விருந்தினர் தங்க நான்கு அறைகளைக் கட்டி முடித்த கையோடு, அடுத்து ஒரு குதிரை வேண்டும் என்று வந்து நின்றான். அவன் மனைவி செவிலியராக வேலை பார்த்த ஊரில், அவர்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்புறம் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு காப் குதிரை மேய்ந்துகொண்டிருந்ததாம். பிள்ளைகள் அதன் வயிற்றுக்கடியில் புகுந்து விளையாடினாலும் அது காலைத் தூக்காதாம். "மாமா, வாங்கினா அதைத்தான் வாங்கணும்" என்பது அவன் தீர்மானம். கம்பத்தில் திராட்சைப் பந்தலுக்கும் தென்னைக்கும் நடுவே பதினோரு ஆண்டுகளாக ஏதேனும் ஒரு குதிரையைக் கட்டித் தீனி போட்டுவருபவன் என்ற முறையில், அவனுக்குச் சொன்னவற்றை இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் காப் என்பது என்ன என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வேல்சு காப், ஜிப்சி காப் என்று பதிவேடு வைத்து வளர்க்கும் இனங்கள் உண்டென்றாலும், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அந்தச் சொல் பெரும்பாலும் ஓர் உடற்கட்டையே குறிக்கிறது: குட்டையான கால், தடித்த எலும்பு, அகன்ற முதுகு, உருண்ட பின்பகுதி, அவசரப்படாத குணம். அங்குள்ள கண்காட்சிகளில் காப் என்ற பிரிவில் நிற்கும் குதிரை 148 சென்டிமீட்டருக்கு மேல் 155 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். நம் சந்தைகளின் அங்குலக் கணக்கில் அது ஏறத்தாழ 58 முதல் 61. அந்தியூரில் ஆடி மாதம் கூடும் குதிரைச் சந்தையில் 62 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் முகம் சுளிப்பவர்கள் இந்த உயரத்தைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் உயரம் குறைவாக இருப்பதுதான் காப் குதிரையின் முதல் வசதி. அறுபது வயதுக்காரர்கூட ஒரு கல்லின் மேல் நின்று ஏறிவிடலாம். விழ நேர்ந்தாலும் தரை அவ்வளவு தூரத்தில் இல்லை.

அந்தக் குணம் வானத்திலிருந்து விழுந்ததன்று. வேல்சு காப் பண்ணையில் உழைத்தது, தெருத்தெருவாகப் பால் வண்டி இழுத்தது, படையிலும் சுமந்தது. ஜிப்சி காப் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்த வண்டியை இழுத்துக்கொண்டு, குழந்தைகளும் நாய்களும் காலடியில் திரிய, சாலையோரம் இரவைக் கழித்தது. கடிக்கும் குதிரையும் மிரளும் குதிரையும் அந்த வாழ்க்கையில் நீடித்திருக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக அமைதியானவற்றையே இனவிருத்திக்கு வைத்துக்கொண்டதன் பயனைத்தான் என் மருமகன் வீட்டுப் பின்புறத்தில் பார்த்திருக்கிறான். ஒரு காலத்தில் காப் குதிரைகளின் வாலை எலும்போடு தறித்துக் கட்டையாக்கும் வழக்கமும் இருந்தது. 1949-இல் பிரிட்டன் சட்டம் போட்டு அதை நிறுத்தியது. ஈ ஓட்ட வால் இல்லாத குதிரையை நம் மாட்டுத் தொழுவத்துப் பக்கம் கட்டி வைத்தால் அது என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்க்கவே கூசுகிறது.

சுமக்கும் திறனில் காப் குதிரையோடு மற்ற மூன்றும், அதாவது பந்தயக் குதிரை, ராஜஸ்தான் இனமான மார்வாரி, மட்டம் என்னும் குட்டைக் குதிரை ஆகியவை, போட்டியிடுவது கடினம். ஆளும் சேணமும் சேர்ந்த எடை குதிரையின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 500 கிலோ எடையுள்ள காப் 100 கிலோ வரை சுமக்கும். 380 கிலோ எடையுள்ள மார்வாரிக்கு 76 கிலோதான் கணக்கு. 230 கிலோ மட்டத்துக்கு 46 கிலோவுக்கு மேல் வைப்பது பாவம். சேணமே எட்டுப் பத்துக் கிலோ வரும் என்பதால், தேக்கடி பார்க்க வருகிற 80 கிலோ விருந்தினரை அறமாக ஏற்றிச் செல்லக்கூடியது இந்த நால்வகையில் காப் குதிரையும் பந்தயக் குதிரையும் மட்டுமே. என் மருமகனின் கட்சிக்கு இருக்கும் வலுவான வாதம் இதுதான், அதை நான் மறுக்கவில்லை.

குறைகள் குணத்திலிருந்து வருவதில்லை. மயிரிலிருந்தும் வயிற்றிலிருந்தும் வருகின்றன. ஜிப்சி காப் வகையின் முழங்காலுக்குக் கீழே குளம்பை மூடித் தொங்கும் நீண்ட மயிர்தான் படங்களில் எல்லாரையும் மயக்குவது. அயர்லாந்து வீட்டுக்காரர் அந்தக் குதிரையின் காலைத் தூக்கி, ஈர மயிரை விரலால் பிளந்து காட்டியதை என் மருமகனே சொன்னான்: உள்ளே தோல் சிவந்து, சாம்பல் நிறப் பொருக்குகள் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு, தொட்டவுடன் குதிரை காலை உதறித் தரையில் ஓங்கி மிதித்ததாம். அந்த மயிருக்குள் நுண்ணிய உண்ணி குடியிருக்கும்; ஓயாத ஈரத்தில் கணுக்காலின் பின்புறம் வெடிக்கும்; சிலவற்றுக்குக் காலில் நிணநீர் தேங்கித் தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்துப்போகும் ஒரு நோய் பரம்பரையாகவே வருகிறது, அதற்கு முழுத் தீர்வு கிடையாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சேறு காயாத, அட்டை ஏறாத நாளே இல்லாத குமுளியில் அந்தக் காலை உலர வைக்க ஒரு தனி ஆள் வேண்டும். மயிரை மழித்துவிடலாம், மழித்த பிறகு படம் பிடிக்க வருகிறவர்களுக்கு அது வெறும் தடித்த குதிரை.

வயிற்றுக் கதை வேறு. கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்ற பழமொழி காப் குதிரையைப் பார்த்துச் சொன்னதோ என்று தோன்றும். ஏழை நிலத்துப் புல்லில் உடம்பைத் தேற்றிக்கொள்ளப் பழகிய இனம் என்பதால், நாம் அன்பாகக் கொட்டும் கொள்ளும் தவிடும் அதற்கு நஞ்சாகிவிடும். கொழுப்பு ஏறியபின் லேமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சி வந்தால், குளம்போட்டை உள்ளே இருக்கும் எலும்போடு பிணைக்கும் திசு விட்டுப்போய், குதிரை முன்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்தே நிற்கும். முற்றினால் கருணைக்கொலைவரை போகும். அங்கே காப் வைத்திருப்பவர்கள் மேய்ச்சலைக் குறைக்கக் குதிரையின் வாயில் வலைமூடி கட்டி விடுகிறார்கள். குதிரை மெலிந்தால் ஊரே உரிமையாளரைத் திட்டும் நம் பக்கத்தில், வாயைக் கட்டிப் பட்டினி போடுகிறான் என்ற பெயரை அவன் எத்தனை நாள் தாங்குவான் என்று தெரியவில்லை.

வெப்பத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உருண்டு திரண்ட உடம்பில் எடைக்கு ஏற்ற தோல்பரப்பு குறைவு. உள்ளே பிறக்கும் சூடு வெளியேற நேரமாகும். குளிர்நாட்டுக் குதிரைகளை வெப்பமும் புழுக்கமும் உள்ள இடத்துக்குக் கொண்டுவந்தால், சிலவற்றுக்கு வியர்வையே நின்றுபோய், சிறு நடைக்குக்கூட மூச்சு வாங்கும். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் குமுளியில் இதைச் சமாளிக்கலாம். ஆனால் மருத்துவரிடம் காட்ட மலையிறங்கினால், ஏப்ரல் மாதக் கம்பம் அதற்கு அடுப்புதான். இறக்குமதி அனுமதி, நோய்ச் சோதனைகள், விமானக் கட்டணம், வந்திறங்கியபின் தனிமைக் காப்பு ஆகியவற்றைப் பற்றி நான் விரித்துரைக்கவில்லை. அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு அறைகள் கட்டலாம் என்று மட்டும் சொன்னேன். சேணமும் சிக்கல்தான். கான்பூரிலிருந்து நமக்கு வரும் சேணங்கள் ஒடுங்கிய முதுகுக்குச் செய்தவை. காப் குதிரையின் தட்டையான தோள்மேட்டில் அவை நிற்காமல் ஆளோடு பக்கவாட்டில் சுழலும்.

பந்தயத்தில் ஓய்வுபெற்ற தரோபிரெட்டைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஊட்டி, கிண்டி பந்தயத் திடல்களின் நிலத்தை 2024-இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகு மலிவாகக் கிடைக்கும் என்று பலர் ஆசை காட்டுகிறார்கள். என்னுடைய முதல் குதிரை அப்படி மலிவாக வந்ததுதான். இரண்டு வயதிலிருந்து ஓடுவதற்கென்றே தீனி போட்டு வளர்த்த உடம்புக்கு நிற்கத் தெரியாது. ஓர் ஆடிக் காற்றில், நான் கடிவாளத்தை ஒரு கையிலும் சேண வாரை மறு கையிலும் பிடித்திருந்தபோது, பின்னால் ஒரு காய்ந்த தென்னை மட்டை விழுந்தது; அடுத்த நொடி என் கையில் வார் மட்டும் இருந்தது, குதிரை இரண்டு வரிசைத் திராட்சைப் பந்தலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. மெல்லிய அடிக்குளம்பு எங்கள் சரளை மண்ணில் மாதம் ஒருமுறை சீழ் வைத்தது. இரைப்பைப் புண் தனிச்செலவு. அழகு மட்டும் குறையில்லை.

மார்வாரியிலும் அதன் குஜராத்து உறவான கத்தியவாரியிலும்தான் இந்த ஒப்பீடு சற்று நியாயமற்றுப் போகிறது. நுனிகள் ஒன்றையொன்று தொடும்படி உள்நோக்கி வளைந்த காது, மெல்லிய தோல், வெயிலைத் தாங்கும் ஒல்லியான கட்டு என்று நம் தட்பவெப்பத்துக்கு இவை பொருந்துகின்றன. கால்மயிர்த் தொல்லை இல்லை, குளம்பு கெட்டி, மருத்துவருக்கும் பழக்கமான உடம்பு. ஆனால் முரட்டுத்தனம் என்று எல்லாரும் சொல்வார்கள். யாரை வைத்துச் சொல்கிறார்கள்? நம் ஊரில் மார்வாரி வாங்குபவர் கௌரவத்துக்காகப் பொலிக்குதிரையாக வாங்கி, காயடிக்க மனம் வராமல், கல்யாண ஊர்வலத்தில் ஆடப் பழக்கி, மற்ற நாளெல்லாம் நான்கு சுவருக்குள் கட்டிவைக்கிறார். அயர்லாந்தில் குழந்தைகளைச் சுமக்கும் காப் குதிரைகளோ மிகப் பெரும்பாலும் காயடித்தவை அல்லது பெட்டைகள். நாளெல்லாம் மற்ற குதிரைகளோடு மேய்பவை. காயடித்த காப் ஒன்றையும் கட்டிப்போட்ட பொலி மார்வாரி ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தி இனத்தின் குணத்தை முடிவு செய்வது, பள்ளி ஆசிரியரையும் சேவல்கட்டுக்காரரையும் நிறுத்தி ஊர்க்குணத்தை முடிவு செய்வதைப் போன்றது. மயக்க ஊசி போட்டு மருத்துவர் செய்யும் அந்தச் சிறு அறுவைக்குப் பின் சில மாதங்களில் என் இரண்டாவது குதிரை எப்படி மாறியது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காப் குதிரையிடம் நாம் விரும்பும் குணத்தில் ஒரு பங்கை இப்படி நம் மண்ணிலேயே பெறலாம் என்பதுதான் என் கருத்து.

மீதிப் பங்கு, அதாவது அகன்ற முதுகும் தடித்த எலும்பும், கிடைப்பது அரிது. மார்வாரி வாங்கினால் விருந்தினரின் எடையைக் கேட்டுத்தான் ஏற்ற வேண்டும். அதைக் கூச்சமில்லாமல் கேட்கும் ஆளாக இருக்க வேண்டும்.

மட்டம் என்று நாம் சொல்லும் குட்டை நாட்டுக் குதிரையைக் கொடைக்கானல் ஏரிக்கரையில் பார்த்தவர்கள் குறைவாகவே மதிக்கிறார்கள். போடியிலிருந்து குரங்கணி வழியாக மலைக்கிராமங்களுக்கு அரிசி மூட்டை ஏற்றிச் சென்று காப்பிக்கொட்டையோடு இறங்கும் குதிரைகளைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். உருளைக்கல் பாதையில் அவை கால் வைக்கும் விதத்தை எந்த வெளிநாட்டு இனமும் கற்றுக்கொள்ள ஓராண்டு ஆகும். குழந்தைகளை மட்டும் ஏற்றுவதென்றால் மட்டத்தைவிடப் பொருத்தமானது வேறில்லை. பெரியவர்களும் ஏறுவார்கள் என்றால் அதை வாங்காமலிருப்பதே அதற்குச் செய்யும் நன்மை.

எதை வாங்கினாலும் தீனியில் ஒரு தவறு எங்கள் பக்கத்தில் தொடர்ந்து நடக்கிறது. பால்மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லையே குதிரைக்கும் முழுத் தீனியாகப் போடுகிறார்கள். அந்தப் புல்லில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி. இரண்டும் சேர்ந்தால் எலும்பு இளகி முகம் வீங்கும். மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைப் பெருமளவு சிதைத்துவிடுவதால் மாட்டுக்கு அவ்வளவு பாதிப்பில்லை. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்ற கணக்கில் 400 கிலோ குதிரைக்கு நாளைக்கு எட்டுக் கிலோ உலர்தீனி தேவை. அதில் பெரும்பகுதி அருகம்புல்லும் சோளத்தட்டையுமாக இருந்து, குதிரைமசால் கொஞ்சம் சேர்ந்தால் போதும். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் அந்தப் பயிரை இங்கே ஆட்டுக்குத்தான் போடுகிறார்கள் என்பது வேறு.

ஆடியில் மருமகனை அந்தியூருக்கு அழைத்துச் சென்றேன். நெற்றி வெள்ளையும் நான்கு கால் வெள்ளையுமாக ஒரு பஞ்சகல்யாணி மார்வாரியைச் சுற்றித்தான் கூட்டம். நாங்கள் பார்த்தது சந்தையின் கடைக்கோடியில், வண்டியில் பூட்டிப் பழகிய, கத்தியவாரிக் கலப்புள்ள ஏழு வயதுப் பெட்டையை: 58 அங்குலம், முதுகு சற்று அகலம், கணுக்கால் தடிப்பு. சுழி சுத்தம் இல்லை என்று ஒருவர் எங்கள் காதில் ஓதினார். விலை குறையும் என்று எனக்கு மகிழ்ச்சி. நான் அதன் முகத்துக்கு அருகே குடையை விரித்தேன். ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி தட்டையை மென்றது. மருமகன் அதன் முதுகில் இரண்டு கையையும் விரித்து அகலம் பார்த்தான். அலைபேசியில் இருந்த அயர்லாந்துப் படத்தை எடுத்து ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு, படத்தை மூடிவிட்டான். தரகர் துண்டுக்கடியில் என் விரல்களைப் பிடித்துச் சொன்ன விலை எங்களுக்கு மூன்று விரல் கூடுதல். அடுத்த வாரம் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.