அப்பாவின் ஆபரேஷனும் நீல மூடிக் குழாயும்

மூன்று வார விடுப்பில் பர்மிங்ஹாமிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். அப்பாவுக்கு அப்படி இல்லை. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல் அவருடைய இதயத்தில் மைட்ரல் என்ற வால்வைக் கெடுத்துவிட்டது. பல வருடங்களுக்கு முன்பு திருவனந்தபுரத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அங்குள்ள ஸ்ரீசித்திரா மருத்துவ நிறுவனம் உருவாக்கி, 1990-இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய அதே வகை வால்வு. ராத்திரி அமைதியில் அவர் பக்கத்தில் படுத்தால் அது டிக் டிக்கென்று கேட்கும். அதில் ரத்தம் கட்டாமல் இருக்க அன்றாடம் அசிட்ரோம் மாத்திரை. மாத்திரை கூடினால் ரத்தப்போக்கு, குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி, பக்கவாதம்கூட வரலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோமா என்று சொல்வதுதான் ஐ.என்.ஆர். சோதனை. எண் ஏற ஏற ரத்தம் உறைய நேரமாகிறது என்று அர்த்தம். சாதாரண ஆளுக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். அப்பாவுக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும்.

போய் இறங்கிய இரண்டாம் நாள், வீட்டுக்குப் பக்கத்து லேபில் ரத்தம் கொடுத்தோம். 350 ரூபாய். சாயங்காலம் ரிசல்ட் 4.4 என்று வந்தது. அம்மா பயந்துபோய், இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. நல்லவேளை, நிறுத்துவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே லேபில் இருந்த பெண் கேட்ட முதல் கேள்வி: "அங்க ட்யூப் நிறைய எடுத்தாங்களா, ஐயா?" பாதிதான் எடுத்தார்கள். ஊசி குத்தியும் ரத்தம் சரியாக வரவில்லை, இது போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண் நீல மூடிக் குழாயை என் கையில் கொடுத்து, அதன் பக்கத்தில் இருக்கும் கோட்டைக் காட்டினார். உள்ளே ரத்தத்தை உறையாமல் வைக்கும் சிட்ரேட் திரவம் இருக்கிறது. ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சிவிடும். ரத்தத்தை உறைய வைக்கச் சோதனையில் சேர்க்கிற கால்சியத்தையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். ரத்தம் உறைய நேரமாகும், ஐ.என்.ஆர். பொய்யாக ஏறிக் காட்டும். கோடு வரை நிரப்பி மறுபடி பார்த்தார்கள். 2.9.

அந்த 4.4-ஐ நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

ஆபரேஷன் வியாழக்கிழமை. ஞாயிறு ராத்திரியோடு அசிட்ரோமை நிறுத்தச் சொன்னார்கள். இதே வகையைச் சேர்ந்த வார்ஃபரின் மாத்திரையாக இருந்தால் ஐந்து நாள் முன்பே நிறுத்தியிருப்பார்கள், இது உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும். இடைவெளியில் வால்வு பாதுகாப்பில்லாமல் இருக்கக் கூடாது என்பதற்காக ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியை வயிற்றில் போட்டார்கள், காலையும் மாலையும். கடைசி ஊசி புதன் காலை. இதில் மயக்க மருத்துவர் மிகவும் கண்டிப்பாக இருந்தார். மரத்துப்போக முதுகில் ஊசி போடும்போது உள்ளே ரத்தம் கசிந்தால் தண்டுவடத்தை அழுத்தும், கால் வராமலே போகலாம், அதனால் 24 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று எனக்குத் தமிழில் பொறுமையாக விளக்கினார். வியாழன் காலை ஐ.என்.ஆர். 1.2. அதைப் பார்த்த பிறகுதான் தியேட்டருக்குள் கூட்டிப்போனார்கள்.

பக்கத்துப் படுக்கையில் மூட்டு மாற்றிக்கொண்ட ஒரு அம்மா. அவருக்கு ட்ரனெக்ஸாமிக் ஆசிட் போட்டார்களாம். உறைந்த ரத்தம் கரைந்துபோகாமல் தடுக்கும் மருந்து அது. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகும் தாய்மாரைக் காப்பாற்ற வேண்டும் என்று ஜப்பானில் உத்தாகோ ஒகமோட்டோ தன் கணவரோடு சேர்ந்து தேடிக் கண்டது. இன்று மூட்டு ஆபரேஷன் வரைக்கும் வந்திருக்கிறது.

ஆபரேஷன் முடிந்த ராத்திரி, அப்பாவின் தையலைச் சுற்றிக் கொஞ்சம் கன்றிப்போயிருந்தது. நைட் டூட்டி சிஸ்டர் பேனாவால் அதன் ஓரத்தை வரைந்து நேரத்தையும் எழுதினார். "இந்தக் கோட்டைத் தாண்டினா உடனே கூப்பிடுங்க, தம்பி." விடிய விடிய அவரும் வந்து பார்த்தார். தாண்டவில்லை. மறுநாள் ஊசியையும் மாத்திரையையும் சேர்த்தே ஆரம்பித்தார்கள். ஐ.என்.ஆர். 1.3, 1.8 என்று ஏறி 2.6-க்கு வந்ததும் ஊசியை நிறுத்தினார்கள்.

குறை என்று சொன்னால், டிஸ்சார்ஜ் தாளில்தான். முழுக்க ஆங்கிலம். ஒரு வாரம் கழித்து ஐ.என்.ஆர். பார்க்கவும் என்று இருந்தது, எவ்வளவு இருக்க வேண்டும் என்று இல்லை. கேட்ட பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்தார். பிரிட்டனில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். தேதி, ஐ.என்.ஆர்., எவ்வளவு மாத்திரை எல்லாம் அதில் இருக்கும். அதே மாதிரி ஒரு நோட்டில் அப்பாவுக்குத் தமிழில் கோடு போட்டுக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் மூன்று விஷயம்: எப்போதும் ஒரே லேப். மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கக் கூடாது. முருங்கைக்கீரையை விட வேண்டாம், ஆனால் ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் இல்லை என்று மாற்றக் கூடாது, அதிலிருக்கும் வைட்டமின் கே மாத்திரையோடு மோதும்.

விரலில் குத்தி வீட்டிலேயே பார்க்கும் மீட்டர் ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். ரத்தத் துளியை வைக்கும் அதன் சோதனைப் பட்டைகளை 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். நம்மூர் சித்திரை வெயிலில் பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், கரண்ட் போனால் என்ன செய்வது என்று அப்பா கேட்கிறார். டிசம்பரில் போகும்போது கொண்டுபோய், முதலில் லேப் ரிசல்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.