40 வகை விதை ‘கொம்போ’ வாங்கப்போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

‘வீட்டுத்தோட்டத்துக்கு 40 வகை விதை, 2,950 ரூபா மட்டும், இலங்கை முழுவதும் டெலிவரி’ என்று பேஸ்புக்கில் ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தைப் பார்த்து யாராவது ஓடர் போடப்போகிறீர்கள் என்றால், இதை வாசித்துவிட்டுப் போடுங்கள். நான் வாங்கினேன். வந்தது விதைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பக்கற்றில் எழுதியிருந்த விதை இல்லை.

விதை விஷயத்தில் எனக்குக் கை நிற்காது. 2022இல் சாமான் தட்டுப்பாடு வந்து, வீட்டில் ஏதாவது பயிரிடுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவெல்லாம் கொடுத்தார்களே, அந்த நேரம் தொற்றிய வியாதி இது. மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வளவில் கிணற்றடியைச் சுற்றி இருப்பது ஒரு துண்டு மணல் நிலம், அதில் பத்துக் கத்தரியும் ஒரு புடோல் பந்தலும் போட்டால் நடக்கவே இடமிருக்காது. ஆனால் பிரிட்ஜில் மார்ஜரின் டப்பாக்கள் நிறைய விதை. படம் போட்ட புதுப் பக்கற் கண்ணில் பட்டால் வாங்காமல் வரமுடியாது. இதை வாசிக்கிற பாதிப்பேருக்கும் இதே வியாதி இருக்கும், அது எனக்குத் தெரியும். இந்த வியாபாரிகளுக்கும் தெரியும்.

பொருள் கைக்கு வந்தபிறகு காசு கொடுத்தால் போதும் என்றார்கள், அதை நம்பித்தான் நிறையப் பேர் எடுக்கிறோம். ஆனால் கூரியர் தம்பி காசு வாங்காமல் பார்சலைப் பிரிக்க விடமாட்டார். அவரைக் குறை சொல்லி வேலையில்லை, அவருக்கு உத்தரவு அப்படி. பிரித்தால் உள்ளே சின்னச் சின்னப் பொலித்தீன் பைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டிக்கர், ஸ்டிக்கரில் மரக்கறியின் பெயர் மட்டும். எந்த வர்க்கம் என்று இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, பொதி செய்த திகதி இல்லை, எத்தனை வீதம் முளைக்கும் என்று இல்லை, யார் பொதி செய்தது என்பதுகூட இல்லை. சிலவற்றில் ‘எப்-1 நாட்டு விதை’ என்று அடித்திருந்தார்கள். இரண்டு வர்க்கத்தைக் கலந்து எடுக்கும் கலப்பின விதைதான் எப்-1, அது எப்படி நாட்டு விதையாகும் என்று கேட்டால் பதில் இல்லை.

முதலில் நான் கைவைத்தது ‘நீல ஸ்ட்ரோபெரி’. உலகத்தில் அப்படி ஒரு செடியே கிடையாது என்பது எனக்கும் தெரியும், கொம்போவோடு இலவசமாக வந்தது, என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாமே என்று ஈரத் துணியில் தூவினேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் வழுவழு என்று ஊதிக்கொண்டு வந்தது. பார்த்தால் கசகசா, அதுதான் திருநீற்றுப்பச்சை விதை! நோன்பு காலத்தில் காத்தான்குடிப் பக்கம் சர்பத்தில் போடுவார்களே, அதேதான்.

சரி, இலவசத்தைக் கணக்கில் எடுக்கவேண்டாம். கோவா, கோலிபிளவர், புரொக்கோலி, நோக்கோல் என்று நான்கு பக்கற் இருந்தன. நான்கின் விதையும் சின்ன உருண்டையாக, கபில நிறமாக ஒரே மாதிரித்தான் இருக்கும், வெறுங்கண்ணால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது, கடுகும் அதே குடும்பம், அதுவும் அந்த மாதிரியேதான் இருக்கும். இப்போது விளங்கியிருக்குமே. நான்கையும் தனித்தனித் தட்டில் போட்டு, நாற்றைப் பிள்ளை போலப் பார்த்து நட்டால், நான்கும் கிடுகிடுவென்று உயர்ந்து மஞ்சள் பூப் பூத்துக் கடுகாகவே நின்றன. மூன்று நிறக் கத்தரி என்று வந்தது ஒரே பச்சைக் கத்தரி. லீக்ஸும் வெங்காயமும் ஒன்றுகூட முளைக்கவில்லை. வெங்காயக் குடும்பத்து விதை ஓரிரு வருடத்திலேயே உயிர் போய்விடும், எங்கள் ஊர் வெக்கைக்கும் ஈரப்பதத்துக்கும் பொலித்தீனில் கிடந்தால் அதைவிடக் கெதியாய்ப் போகும். வெண்டியும் பயற்றையும் நன்றாகவே முளைத்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவை எந்தக் கடையிலும் மலிவாய்க் கிடைப்பவை.

விற்றவரிடம் கேட்டதற்கு முதலில் தண்ணீர் கூடிப்போயிருக்கும் என்றார். அப்புறம் மண் சரியில்லை என்றார். படங்களை அனுப்பியதும், விதை உயிருள்ள பொருள், அதற்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றார். அதற்குப் பிறகு, கேளுங்கள், ‘பழைய வாடிக்கையாளருக்கு 20 வீதக் கழிவு’ என்று புதுக் கொம்போவின் படம் அனுப்பினார்! காசைத் திருப்பிக் கேட்டேன், புளொக் பண்ணிவிட்டார்.

நான் இதைக் கண்டுபிடித்ததே வந்த கையோடு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்ததால்தான். பெரிய கல்லாற்றில் ஒரு அக்கா வேறொரு பெயருள்ள பேஸ்புக் பக்கத்தில் வாங்கியிருந்தார், ஸ்டிக்கரும் எழுத்துப் பிழையும் அச்சொட்டாக இதே. அவர் ஆறு பக்கற்தான் திறந்திருக்கிறார், அதுவும் வெண்டி, பயற்றை, கீரை. எல்லாம் முளைத்தன, அவருக்கு முழுத் திருப்தி, பக்கத்தில் போய் ஐந்து நட்சத்திரமும் போட்டிருக்கிறார். மிச்சம் பிஸ்கட் டின்னில். இந்த வியாபாரம் ஓடுவதே அந்த டின்னால்தான். 40 வகை வாங்குகிற ஆள் 40ஐயும் விதைக்கப்போவதில்லை என்பது விற்கிறவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த மாரிக்குத் திறந்து பார்த்து முளைக்காவிட்டால் பழசாகிவிட்டது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். நுகர்வோர் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்வதற்குச் சட்டத்தில் இருப்பது வாங்கியதிலிருந்து 3 மாதம். டின்னுக்குள் கிடக்கும்போதே அது முடிந்துவிடும்.

போன காசைவிட எனக்கு எரிச்சல் போன காலம். மாரி மழை ஓய்ந்து தையில் நட்டால்தான் மணல் வளவில் நாலு காய் பார்க்கலாம், கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் பிறகு தண்ணீர் ஊற்றியே முதுகு முறியும். அந்தத் தையைக் கடுகுக்குக் கொடுத்துவிட்டேன்.

வாங்கவேண்டாம் என்று சொன்னால் நீங்களும் கேட்கமாட்டீர்கள், நானும் கேட்கமாட்டேன். ஆனால் திகதியும் தொகுதி இலக்கமும் முளைதிறன் வீதமும் இல்லாத பக்கற்றைத் தொடாதீர்கள். விவசாயத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்தில் எம்.ஐ. 5 வெண்டி, திருநெல்வேலி ஊதாக் கத்தரி என்று வர்க்கத்தின் பெயரோடு கேட்டு வாங்கலாம். சந்தேகம் இருந்தால் 1920க்கு எடுத்தால் விவசாய ஆலோசனை சொல்வார்கள். எங்கே வாங்கினாலும் வந்த அன்றே ஒவ்வொன்றிலும் பத்து விதையை ஈர டிஷ்யூவில் சுற்றி வையுங்கள். பயற்றையும் வெண்டியும் நாலைந்து நாளில் தெரியும், கொச்சிக்காய்க்கும் கத்தரிக்கும் பத்து நாளாவது பொறுக்கவேண்டும். ஐந்துக்குக் குறைவாக முளைத்தால் உடனே கேளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் நுகர்வோர் அதிகாரசபையின் 1977க்கு எடுங்கள். நானும் அந்த அக்காவும் எழுத்தில் முறைப்பாடு கொடுக்கப்போகிறோம். ‘புரொக்கோலி’யை ‘புறாக்கொலி’ என்று அடித்த ஸ்டிக்கர் உங்கள் டின்னிலும் இருந்தால் எறிந்துவிடாதீர்கள், கூரியர் பற்றுச்சீட்டோடு சேர்த்து வையுங்கள், 3 மாதம் முடியுமுன் நீங்களும் எழுதுங்கள்.