முதலில் பெரிய கிளப்பா, சின்ன கிளப்பா?

வெளிநாடு போகும் இளம் கால்பந்து முன்கள வீரருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிகள். பெரிய கிளப்பில் சேர்ந்து இடத்துக்குப் போராடலாம். இல்லையென்றால் நடுத்தர லீகில் வாராவாரம் ஆடலாம்.

பெரிய கிளப்பில் சம்பளமும் பயிற்சி வசதிகளும் உயர்ந்தவை. ஆனால் கோல் அடிப்பவருக்கு ஆட்ட நேரம்தான் உயிர். பெனால்டி பகுதிக்குள் எப்போது ஓட வேண்டும், எந்தக் காலால் அடிக்க வேண்டும் என்ற முடிவெல்லாம் அரை நொடியில் எடுக்க வேண்டியவை. பெஞ்சில் உட்கார்ந்து அது வராது. எகிப்து வீரர் முகமது சாலா 2014-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப்பிலிருந்து இங்கிலாந்தின் பெரிய கிளப்பான செல்சிக்குப் போனார். வாய்ப்பு குறைவு. அடுத்த ஆண்டே இத்தாலியின் ஃபியோரென்டினா கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகக் கடனாக, அனுப்பப்பட்டார். அப்புறம் இன்னொரு இத்தாலிய கிளப்பான ரோமாவில் தொடர்ந்து ஆடித் தேறி, 2017-18-இல் லிவர்பூலுக்காக இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 32 கோல் அடித்தார்.

மாறாக, லூயிஸ் சுவாரஸ் 19 வயதில் உருகுவேயிலிருந்து நேராக நெதர்லாந்தின் குரோனிங்கன் என்ற சிறிய கிளப்புக்குப் போனார். அடுத்த ஆண்டே அந்நாட்டின் பெரிய கிளப்பான அயாக்ஸ். அங்கே 2009-10 லீகில் 35 கோல். லிவர்பூல் வந்தது 2011-இல்தான்.

டச்சு (நெதர்லாந்து) லீகில் தடுப்பாட்டம் கொஞ்சம் தளர்வு, அங்கே அடித்த கோல்களை அப்படியே நம்ப முடியாது என்பார்கள். சரி, அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் என் ஓட்டு சுவாரஸின் வழிக்கே. சாலா மாதிரி பின்வாங்கி மீண்டும் ஏறுகிறவர்கள் குறைவு. லோனிலேயே ஊர் ஊராகச் சுற்றி இருபதுகளைத் தொலைத்தவர்கள் நிறைய.